பழைய கணினி போய் மடிக்கணினி வரும்போது: காசை எதில் போடுவது?

எங்கள் வீட்டுக் கணினியை 2013இல் வாங்கினோம். மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 2 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். ஹால் மூலையில் அதற்கென்று ஒரு மேசை, கீழ்த் தட்டில் யு.பி.எஸ்., மேலே அம்மா தைத்துப் போட்ட துணி உறை. தம்பியின் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம், ரயில் டிக்கெட், அக்கா மகளின் ஊரடங்குக் கால வகுப்புகள், அப்பா இருந்தவரை அவர் தட்டச்சு செய்த கடிதங்கள் என்று எல்லாம் அந்த மேசையில்தான் நடந்தன. கடைசி இரண்டு வருடமாக, சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்பில் பால் வைத்தால், பால் பொங்கி இறக்கிய பிறகுதான் திரையில் ஐகான்கள் வந்து நிற்கும்.

அப்படியும் ஓட்டிக்கொண்டிருந்தோம். 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. 2015 ஜூலையில் வந்த இயங்குதளம் அது. பத்து வருடம் ஓடிவிட்டது. அடுத்ததான விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் கணக்கு. 2017 கடைசிக்கு முன்னால் வாங்கிய வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை இதில் தேறாது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பு கொடுத்தார்கள். ஆதரவு நின்றதால் கணினி நின்றுபோவதில்லை. ஆனால் அந்த நீட்டிப்பு இல்லாத கணினியில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைக்கமாட்டார்கள். வங்கிக் கணக்கும் வருமான வரியும் அதே கணினியில் நடக்கிற வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

இதனால் கடந்த ஒரு வருடத்தில் எனக்கு அதிகம் வந்த கேள்வி, “எந்த லேப்டாப் வாங்கலாம்?” கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, வாங்கத்தான் வேண்டுமா என்று.

பழைய கணினி மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் பிராசஸர் காரணமில்லை. ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதற்குள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. ஒரு சின்ன முள் அதன் மேல் அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் மில்லி நொடிக் கணக்கில் நேரம் போகும். விண்டோஸ் எழுந்து நிற்பதற்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டும் என்பதால் அந்த மில்லி நொடிகள் சேர்ந்து நிமிடங்களாகின்றன. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற தட்டும் இல்லை, நகர்கிற முள்ளும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்ட பழைய கணினியைப் பார்த்தவர்கள் இது அதே கணினிதானா என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் கணினி 2018க்குப் பின் வாங்கியதாக இருந்து, விண்டோஸ் 11ஐ ஏற்கும் என்றால், எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு ரேமும் போட்டுக்கொண்டு மூன்று நான்கு வருடம் நிம்மதியாக ஓட்டலாம். கடைக்காரர் இதை முதலில் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிக்கு லினக்ஸ் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. இன்றைய லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டிலும் தமிழ் தெளிவாகத் தெரியும், தட்டச்சும் செய்யலாம். இணையம் பார்ப்பது, எழுதுவது, படம் பார்ப்பது இவைதான் வேலை என்றால் லினக்ஸ் போதும். கணக்கு எழுத டாலி வேண்டும், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேண்டும், தேர்வு நடத்தும் நிறுவனம் சொல்கிற மென்பொருளை நிறுவ வேண்டும் என்கிற வீட்டில் அது ஒத்துவராது. எங்கள் வீட்டில் அதனால்தான் ஒத்துவரவில்லை.

சரி, வாங்குவது என்று முடிவு. அடுத்த கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை: மடிக்கணினிதான் வேண்டுமா, மறுபடி மேசைக் கணினியா? அதே விலைக்கு மேசைக் கணினியில் கூடுதல் வேகம் கிடைக்கும், கழுத்துக்கும் நல்லது. உள்ளங்கை அகலத்தில் மினி பி.சி.கள் வந்துவிட்டன, பழைய மானிட்டரையும் கீபோர்டையும் வைத்திருப்பவர்களுக்கு அவை நல்ல வழி. திரைக்குள்ளேயே கணினியை அடக்கிய ஆல்-இன்-ஒன் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. தூக்கிப் போகவும் முடியாது, திரை போனால் எல்லாமே போகும். இதையெல்லாம் தாண்டி மடிக்கணினி ஜெயிப்பதற்கு எங்கள் ஊரில் இரண்டு காரணம். கரண்ட் போனால் அதன் பேட்டரியே யு.பி.எஸ். பிள்ளை கல்லூரிக்குப் போனால் கூடவே போகும்.

ஆனால் மாறும்போது ஒன்றை இழக்கிறோம். அந்த 2013 கணினியில் பவர் சப்ளையை இரண்டு முறை மாற்றினோம். கீபோர்டு எத்தனை போனது என்று கணக்கே இல்லை. ரேம் 2 ஜி.பி.யிலிருந்து 4 ஆனது. மானிட்டர் ஒரு முறை மாறியது. எது போனாலும் அதை மட்டும் கழற்றி மாட்டினோம். பன்னிரண்டு வருடம் ஓடியதன் ரகசியம் அதுதான். மடிக்கணினியில் அந்தச் சுதந்திரம் சுருங்கிவிடுகிறது. திரை, கீபோர்டு, கீல், பிராசஸர் எல்லாம் வாங்கிய நாளில் என்னவோ அதுதான் கடைசிவரை. ஸ்டோரேஜை அநேகமாக மாற்றலாம், ரேமைச் சிலவற்றில் மாற்றலாம். அதனால் நான் எல்லோரிடமும் சொல்கிற ஒரே கணக்கு இது: பின்னால் மாற்ற முடியாததில் காசைப் போடுங்கள், மாற்ற முடிந்ததில் மிச்சம் பிடியுங்கள். கடைகளில் விற்கிற முறை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. மாற்றக்கூடியதைத்தான், 512 ஜி.பி. என்றும் 1 டி.பி. என்றும், பெரிய எழுத்தில் ஒட்டுகிறார்கள்.

இந்தக் கணக்கை நான் கற்றது அக்கா மகளுக்கு வாங்கிய மடிக்கணினியில். 8 ஜி.பி. ரேம். “இப்போதைக்கு இது போதும் சித்தி, அப்புறம் 16 ஆக்கிக்கலாம்” என்றாள், நானும் தலையாட்டினேன். இரண்டாம் வருடம் அவளுக்கு மென்பொருள் பாடங்கள் வந்தபோது கணினி திணறத் தொடங்கியது. கடைக்கு எடுத்துப் போனோம். பையன் அடிமூடியின் பத்து திருகுகளைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் அட்டையை விளிம்பில் விட்டு நெம்பித் திறந்தான். ரேம் செருகும் இடத்தைத் தேடினோம். அங்கே செருகும் இடமே இல்லை. மதர்போர்டில் நான்கு கறுப்புச் சதுரங்கள் ஈயம் வைத்து ஒட்டியிருந்தன. “அக்கா, இது ஆன்போர்டு. ஒண்ணும் பண்ண முடியாது” என்றான். தயாரித்த நிறுவனத்தின் விளம்பர அட்டையில் இது எங்கேயும் இல்லை. அவள் படிப்பு முடியும்வரை, ஒன்றைத் திறக்க இன்னொன்றை மூடிக்கொண்டே ஓட்டினாள். அது என் தவறும்தான். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

எப்படிக் கேட்பது? விளம்பரப் பெயரை விட்டுவிட்டு, பெட்டியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பத்து விதமான உள்ளடக்கத்தோடு விற்கிறார்கள். கடைசி எழுத்துகள் மாறினால் திரையும் மாறும், ரேமும் மாறும். லெனோவா தன் ஒவ்வொரு மாடலுக்கும் பி.எஸ்.ரெஃப் என்ற தளத்தில் முழு விவரத்தையும் வைத்திருக்கிறது. ரேம் ஒட்டியதா செருகியதா, எத்தனை இடம், அதிகபட்சம் எவ்வளவு, எல்லாம் அதில் உண்டு. எச்.பி.யும் டெல்லும் பழுது பார்ப்பவர்களுக்கான கையேடுகளைப் பொதுவில் வெளியிடுகின்றன. எந்தத் திருகை எப்படிக் கழற்றுவது என்று படத்தோடு இருக்கும். வாங்குவதற்கு முந்தைய இரவு அரை மணி நேரம் அதைப் புரட்டினால் போதும். எல்.பி.டி.டி.ஆர். என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஒட்டியதுதான். இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸர் கட்டுக்குள்ளேயே வருகிறது. 16 அல்லது 32, இரண்டில் ஒன்றை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். ஒட்டியதாக இருந்தால் 16 ஜி.பி.க்குக் குறைந்து வாங்காதீர்கள். ஒரு இடத்தில் 8 செருகி, இன்னொரு இடம் காலியாக இருந்தால் தைரியமாக வாங்கலாம். இரண்டாவதைப் போடும்போது அளவு கூடுவதோடு, ரேமுக்கான பாதையும் இரண்டாகிப் படக்காட்சி வேகமும் கூடும்.

பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பதிலும் 2025 கடைசியிலிருந்து ஒரு சிக்கல். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் ரேம் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. உலகத்துக்கு ரேம் சில்லு கொடுப்பவர்களில் பெரியவர்கள் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே பேர். வீட்டுப் பயனாளர்களுக்கு க்ரூஷியல் என்ற பெயரில் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. தனியாக வாங்கும் ரேமின் விலை சில மாதங்களில் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறியது. ஆகவே மிச்சம் பிடிக்கும் இடமாக நான் சொல்லிவந்த ரேமையும், கையில் காசு இருந்தால், இப்போதே சேர்த்து வாங்கிவிடச் சொல்கிறேன்.

பிராசஸர் பெயர்கள் வாங்குகிறவரைக் குழப்புவதில் தேர்ந்தவை. பலரும் ஐ3, ஐ5, ஐ7 என்பதைப் பள்ளி வகுப்பு போல நினைக்கிறார்கள். பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5-1335யு என்றால் 13ஆம் தலைமுறை. ஐ7-8550யு என்றால் 8ஆம் தலைமுறை. புதிய ஐ3 பழைய ஐ7ஐ எளிதாக முந்தும். கடைசி எழுத்து மின்சாரத்தைச் சொல்கிறது: யு என்றால் சிக்கனம், எச் என்றால் வேகமும் சூடும் அதிகம். 2023 டிசம்பரில் இன்டெல் பெயரையே மாற்றி, கோர் அல்ட்ரா 5, 7, 9 என்று புதிய வடிவமைப்பைக் கொண்டுவந்தது. கூடவே ‘அல்ட்ரா’ இல்லாத கோர் 5, கோர் 7 என்றும் விற்கிறது. கோர் 5 120யு போன்றவற்றில் உள்ளே இருப்பது முந்தைய 13ஆம் தலைமுறையின் வடிவமைப்புதான். மோசமில்லை. ஆனால் புதியது என்ற விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

ஏ.எம்.டி.யில் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். அங்கே 2 என்றால் உள்ளே இருப்பது 2019இல் முதலில் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 3 என்றால் ஜென் 3. 4 என்றால் ஜென் 4. 7520யுவில் கோர்கள் நான்கு, 7530யுவில் ஆறு. அதோடு 7520யு வரும் கணினிகளில் ரேம் எப்போதுமே ஒட்டியதுதான். நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கீழே ‘ரைசன் 5, 7000 வரிசை’ என்று மின்னுகிற பலவற்றுக்குள் இருப்பது இதுதான். விலை குறைந்த இன்டெல் மாடல்களில் என்100, என்200 என்று வருபவையும் அப்படி. 2023இல் செலரான், பென்டியம் பெயர்களுக்குப் பதிலாக வந்தவை அவை. பாட்டிக்குப் பேரனைப் பார்க்க, பிள்ளைக்குப் பாடக் காணொளி பார்க்க என்றால் சரி. வீடு முழுக்க ஆறேழு வருடம் நம்பியிருக்கும் கணினியாக வாங்கினால் ஏமாற்றம்தான்.

என் கணக்கில் அதிகம் காசு போட வேண்டிய இடம் திரை. அதைத்தான் கடைகளில் யாரும் பேசுவதில்லை. நாங்கள் சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நடந்து, மாடிப்படி ஏறிப் பார்த்த கடையில் ஒரே விலையில் இரண்டு மடிக்கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கைபேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு, இரண்டிலும் ஒரே தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்தைப் பெரிதாக்காமல் புள்ளிகளை மட்டும் பார்த்தேன். தமிழ் காட்டும் திரைக்கு அதைவிட நல்ல சோதனை இல்லை. ‘க்’, ‘ண்’, ‘ழ்’ இவற்றின் மேல் நிற்கும் புள்ளி முதல் திரையில் சாம்பல் நிறப் பிசிறாக இருந்தது. ‘ன’வும் ‘ண’வும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் பிரிந்தன. அது 1366 x 768 பிக்சல்கள் கொண்ட திரை. இரண்டாவது 1920 x 1200, ஐ.பி.எஸ். வகை. புள்ளி தனியாக, கறுப்பாக, அதன் இடத்தில் நின்றது. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, நான் பின்னால் நின்று பார்த்தேன். முதல் திரை மேலிருந்து பார்க்கும்போது வெளுத்தது, கீழிருந்து பார்த்தால் முகங்கள் நெகட்டிவ் போல மாறின. வீட்டுக் கணினியை ஒருவர் மட்டும் பார்ப்பதில்லை. ஒருவர் உட்கார, இரண்டு பேர் தோள்மேல் சாய்ந்து பார்ப்பார்கள். கல்யாண வீடியோ பார்க்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

விவரப் பட்டியலில் ‘45% என்.டி.எஸ்.சி.’ என்று ஒரு வரி வரும். திரை காட்டும் நிறங்களின் அளவு அது. 45 என்றால் சிவப்பு செங்கல் நிறமாகவும், மயில் கழுத்து நிறம் மங்கிய நீலமாகவும் தெரியும். என் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் புடவை விற்கிறாள். திரையில் பார்த்துப் படத்தைத் திருத்தி அனுப்பி, நிறம் மாறிவிட்டது என்று திரும்பி வந்த புடவைகளின் செலவில் நல்ல திரையே வாங்கியிருக்கலாம். அப்படி வேலை இருப்பவர்கள் ‘100% எஸ்.ஆர்.ஜி.பி.’ என்று இருப்பதைத் தேடுங்கள். வெளிச்சம் 250 நிட்ஸ் என்றால் ஜன்னல் பக்கம் உட்கார முடியாது; 300க்கு மேல் இருக்கட்டும். முகம் தெரிகிற பளபளப்புத் திரையை விட மேட் திரை நம் வீட்டு ட்யூப்லைட்டுக்கு நல்லது.

அதே கடையில் இன்னும் இரண்டு காரியம் செய்தோம். மூடியை ஒரு விரலால் திறந்தேன். அடிப்பாகம் கூடவே எழும்பாமல் இருந்தால் கீல் நன்றாகப் பொருத்தியது. கீல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் விரிந்து உடைவதுதான் மலிவு மடிக்கணினிகளில் நான் அதிகம் பார்த்த சாவு. பிறகு கீபோர்டின் நடுவில் அழுத்தினேன்; பள்ளமாக அமுங்கினால் வேண்டாம். கணக்கு எழுதுகிற வீட்டுக்கு வலது பக்கம் எண்பகுதி அவசியம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிற மாமா அது இல்லாத கணினியைத் தொடவே மாட்டார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரேஜ் 512 ஜி.பி. போதும், எம்.2 செருகி இருந்தால் பின்னால் மாற்றலாம். 64 அல்லது 128 ஜி.பி. இ.எம்.எம்.சி. என்று இருந்தால் வேண்டாம், அது பலகையிலேயே ஒட்டியது, விண்டோஸ் புதுப்பிப்புகளுக்கே இடம் போதாது. நுண்ணறிவுக் கணினி என்ற புதிய முத்திரைக்காக இன்று கூடுதல் காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன். மைக்ரோசாஃப்டின் கோபைலட்+ முத்திரைக்கு 16 ஜி.பி. ரேமாவது வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த முத்திரையால் வீட்டுக்குக் கிடைத்த உருப்படியான நன்மை அதுதான். விளையாட்டுக்கான மடிக்கணினிகள் கனமும் சூடும் அதிகம், பேட்டரி நிற்காது. பிள்ளை கேட்கிறான் என்பதற்காக வீட்டுக் கணினியாக அதை வாங்க வேண்டாம்.

ஆப்பிள் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. 2020 நவம்பரில் எம்1 சில்லு வந்ததிலிருந்து மேக்புக் ஏர் விசிறி இல்லாமல், சத்தம் இல்லாமல், நாள் முழுக்க ஓடுகிறது. 2024 அக்டோபரிலிருந்து அடிப்படை மாடலிலேயே 16 ஜி.பி. கொடுக்கிறார்கள். திரை, கீல், கீபோர்டு, பேட்டரி எல்லாம் என் கணக்குக்குப் பொருந்துகின்றன. உள்ளே எதையும் கூட்ட முடியாது என்பதும், டாலி போன்ற விண்டோஸ் மென்பொருள்கள் நேராக ஓடாது என்பதும் குறை. எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள் வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வேன். குரோம்புக் இணையத்தை மட்டுமே நம்புகிற வீட்டுக்குச் சரி. 2021க்குப் பின் வந்தவற்றுக்குப் பத்து வருடப் புதுப்பிப்பு உண்டு. ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசஸர் போட்ட விண்டோஸ் கணினிகள் 2024 ஜூனிலிருந்து கிடைக்கின்றன. பேட்டரி பிரமாதம். ஆனால் பத்து வருடப் பழைய லேசர் பிரின்டரோ கையொப்ப டோக்கனோ இருக்கிற வீட்டில், அதற்கென்று தனி டிரைவர் இல்லாவிட்டால் அவை வேலை செய்யாது. மென்பொருளை வேறு சில்லுக்கு ஏற்றபடி மொழிமாற்றி ஓட்ட முடிகிறது, டிரைவரை அப்படி ஓட்ட முடியாது.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் வெயில் அதற்குப் பகை. எப்போதும் சார்ஜரில் செருகியே, 100 சதவீதத்திலேயே, சூட்டில் கிடக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும். வீட்டுக் கணினியாகப் பயன்படும் மடிக்கணினி பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கிறது. நிறுவனங்களே 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைக் கொடுக்கின்றன. முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். டச்பேட் ஒரு பக்கம் மேலே தூக்கியது போலத் தெரிந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அன்றே நிறுத்தி, சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். உலோக உடம்புள்ள கணினியைச் சார்ஜில் போட்டிருக்கும்போது கையில் சுருசுருவென்று மின்சாரம் உணர்ந்தால், மூன்று முள் பிளக்கையும் வீட்டின் எர்த்தையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மாடலைத் தேர்ந்தெடுத்தால், சார்ஜர் போனாலும் வெளியே எளிதாகக் கிடைக்கும்.

பழையதை வாங்கலாமா என்றால், வாங்கலாம். அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிடும் லேட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் வகைகள் புதிய மலிவுக் கணினிகளைவிடக் கட்டமைப்பில் உறுதியானவை. கீல் இரும்பு, கீபோர்டு அருமை, பல மாடல்களில் ரேம் செருகும் இடமும் உண்டு. 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். பயாஸுக்குள் போய்க் கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பேட்டரி தேய்ந்தேதான் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு விலை பேசுங்கள்.

வாங்கும் இடம் பற்றி என் அனுபவம் இது. தீபாவளிக்கு முன்னும் ஜனவரிக் குடியரசு தினத்தையொட்டியும் இணையத்தில் விலை இறங்கும். சென்னையில் இருப்பவர்கள் அதைப் பார்த்து வாங்கலாம். தென்காசியிலோ பட்டுக்கோட்டையிலோ இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, கணினியைச் சுமந்துகொண்டு நாம் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டுமா என்பதை. வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரன்ட்டியை மூன்று வருடத்துக்கு நீட்டிக்க ஆகும் காசு, பிராசஸரில் ஒரு படி ஏறும் காசைவிடப் பல நேரம் குறைவு. விண்டோஸ் இல்லாமல் ‘டாஸ்’ என்று விற்கும் கணினியை விலைக்காக வாங்கிவிட்டு, தெருவில் யாரோ போட்டுத் தரும் திருட்டு விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

கடைசியாக, பழையதிலிருந்து புதியதற்குக் குடிமாறுவது. வாங்குவதைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறோம், இதற்கு அரை நாள் ஒதுக்குவதில்லை. விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க்கைத் தானே பூட்டிக்கொள்கின்றன. கணினி பழுதானால் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்கள் கணக்கில் இருக்கிறது. அதை இன்றே ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். கணக்கை யார் பெயரில் தொடங்குவது என்பதும் முக்கியம். ஊருக்குப் போய்விடும் பிள்ளையின் கைபேசி எண்ணில் தொடங்கிவிட்டு, பிறகு கடவுச்சொல் கேட்டு அம்மா காத்திருக்கிறாள்.

எங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி.யில் செருகும் உறைக்குள் போட்டுப் புதிய மடிக்கணினியில் மாட்டினோம். படங்கள் வந்தன, பாட்டுகள் வந்தன. அப்பாவின் கடிதங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தபோது, தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பம்தான் வந்தது. அவர் வானவில்லில் தட்டச்சு செய்தவர். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுக்கு மாறச் சொன்ன பிறகும் பழைய பழக்கத்தை அவர் விடவில்லை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள்; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். பழைய கணினியைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால் அதில் நிறுவியிருக்கும் தமிழ் எழுத்துருக்களை எல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். நாங்கள் எடுத்து வைத்திருந்தோம், தப்பித்தோம். எழுத்துருவைப் புதிய கணினியில் நிறுவியதும் கடிதங்கள் திரும்பி வந்தன. தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு, ஓய்வூதிய நிலுவை பற்றிக் கருவூலத்துக்கு, தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்கு. எல்லாவற்றையும் எழுத்துருவை நம்பாத யூனிகோடுக்கு மாற்றிவிட முடிவு செய்தோம். மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு, ஆனாலும் சில இடங்களில் கொம்பும் காலும் பிசகும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

மேசையை அப்புறப்படுத்தவில்லை. பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும்தான் இருந்தது, எச்.டி.எம்.ஐ.யிலிருந்து மாற்றும் சின்ன இணைப்பானை வாங்கி மடிக்கணினியோடு மாட்டியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடிதங்களை வாசித்துச் சொல்கிறார், நான் பிசகிய கொம்புகளைத் திருத்துகிறேன். 2016 வரை வந்திருக்கிறோம்.